கரடி வாழும் காட்டில்: எதிர்ப்படாமல் நடக்கவும், எதிர்ப்பட்டால் உயிர் காக்கவும்

காட்டுவழியே போன இரண்டு நண்பர்களுக்கு முன்னால் கரடி வந்து நின்ற கதையை நம்மில் பெரும்பாலோர் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருப்போம். ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்கிறான். மரம் ஏறத் தெரியாத மற்றவன் மூச்சை அடக்கிக்கொண்டு பிணம்போல் படுத்துவிடுகிறான். கரடி அவனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. நட்பைப் பற்றிய பாடமாக அந்தக் கதைக்கு ஒரு குறையும் இல்லை. கரடியைப் பற்றிய பாடமாக அதை நம்பிக் காட்டுக்குள் போகிறவர்தாம் ஆபத்தில் சிக்குவார். பெரும்பாலான கரடி இனங்கள் மனிதனைவிட எளிதாக மரம் ஏறும். செத்தவர்போல் படுப்பது சில வேளைகளில் உயிரைக் காக்கும். வேறு சில வேளைகளில் அதுவே உயிரைப் பறிக்கும். எந்த வேளையில் எதைச் செய்வது என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கேள்வி: இந்தக் கரடி நம்மை எதற்காக நெருங்குகிறது? அஞ்சி வருகிறதா, உணவைத் தேடி வருகிறதா, அல்லது நம்மையே உணவாக எண்ணி வருகிறதா? கீழே சொல்லப்படும் எல்லா விதிகளும் இந்தக் கேள்வியிலிருந்து பிறப்பவையே. ஆகவே விதிகளை மனப்பாடம் செய்வதைவிட அவற்றின் காரணத்தைப் புரிந்துகொள்வது நல்லது. நெருக்கடி நேரத்தில் நினைவுக்கு வருவது காரணம்தான்.

முதலில் அச்சத்தின் அளவைச் சரிசெய்துகொள்வோம். அமெரிக்காவில் 1872-இல் அமைக்கப்பட்ட எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் வந்துபோகிறார்கள். ஆயினும் ஒன்றரை நூற்றாண்டில் அங்கே கரடி தாக்கி இறந்தவர்களின் எண்ணிக்கை பத்தை எட்டவில்லை. பழுப்புக் கரடிகளின் தாக்குதல்களை உலக அளவில் தொகுத்து 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2000 முதல் 2015 வரை 664 தாக்குதல்களைக் கணக்கில் கொண்டது. அவற்றில் இறந்தவர்கள் 95 பேர். எண்ணிக்கையைவிட முக்கியமானது அந்த ஆய்வு காட்டிய சூழல்கள். தாக்குதல்களில் ஏறத்தாழ பாதி, குட்டிகளோடு இருந்த தாய்க்கரடியை மனிதர் நெருங்கியபோது நிகழ்ந்தவை. அடுத்த பெரும் பங்கு, எதிர்பாராமல் மிக அருகில் சந்தித்துத் திடுக்கிட்டபோது நிகழ்ந்தவை. அதற்கு அடுத்தது, உடன் நாய் இருந்தபோது நிகழ்ந்தவை. இம்மூன்றையும் பெருமளவு தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது என்பதால்தான் இப்படியொரு வழிகாட்டியை எழுதுவதில் பொருள் இருக்கிறது.

எந்தக் கரடியின் காடு?

உலகில் எட்டு வகைக் கரடிகள் உள்ளன. பாண்டாவும், தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் வாழும் கண்ணாடிக் கரடியும் மனிதரைத் தாக்குவது அரிது. தென்கிழக்கு ஆசியாவின் சூரியக் கரடி உருவில் சிறியது என்றாலும் திடுக்கிட்டால் கடுமையாகக் கடிக்கும். மீதி ஐந்தைப் பற்றித்தான் காட்டில் நடப்பவர் அதிகம் அறிந்திருக்க வேண்டும்: பழுப்புக் கரடி, அமெரிக்கக் கருங்கரடி, ஆசியக் கருங்கரடி, கறையான் தின்று வாழும் தேன்கரடி, பனிக்கரடி. வட அமெரிக்காவில் கிரிஸ்லி என்று அழைக்கப்படுவது பழுப்புக் கரடியேதான்.

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் பழுப்புக் கரடியும் கருங்கரடியும் ஒரே காட்டில் வாழ்கின்றன. அங்கே நிறத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. கருங்கரடிகளில் பழுப்பு நிறத்தனவும் இலவங்கப்பட்டை நிறத்தனவும் உண்டு. பழுப்புக் கரடிகளில் ஏறக்குறைய கறுப்பானவையும் உண்டு. பழுப்புக் கரடியின் தோள்களுக்கு மேலே தசைத் திமில் ஒன்று தெளிவாகத் தெரியும். நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே முகம் குழிந்திருக்கும். காதுகள் சிறியவை, உருண்டவை. முன்கால் நகங்கள் நீண்டு, மண்ணைத் தோண்டுவதற்கேற்ப அதிகம் வளையாமல் இருக்கும். கருங்கரடிக்குத் திமில் கிடையாது. முகம் நேர்க்கோடாக இறங்கும். காதுகள் சற்று உயரமாக நிமிர்ந்து நிற்கும். நகங்கள் குட்டையாகவும் மரம் ஏறுவதற்கு வசதியாக வளைந்தும் இருக்கும்.

இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் காடுகளில் வாழும் தேன்கரடியைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். உருவத்தில் பழுப்புக் கரடியைவிடச் சிறியது, பெரும்பாலும் பூச்சிகளையும் பழங்களையும் தின்று வாழ்வது என்பதால் இதைச் சாது என்று எண்ணுவது பெரும் பிழை. புலியும் சிறுத்தையும் உலவும் காட்டில் பிழைத்துவரும் உயிரினம் இது. சிறுத்தை மரத்திலும் ஏறிவரும் என்பதால் மரத்தில் ஏறித் தப்புவது இதற்குப் பயன்படவில்லை. எதிர்த்துப் பாய்வதே இதன் தற்காப்பாகிவிட்டது. கறையான் புற்றில் வாயை வைத்து உறிஞ்சும்போது இது எழுப்பும் ஓசை பெரியது; அந்த ஓசையில் நாம் வரும் காலடி அதற்குக் கேட்பதில்லை. கண்பார்வையும் கூர்மையானதன்று. ஆகவே நாம் மிக அருகில் போன பிறகே நம்மை அறிகிறது. அறிந்த கணமே பாய்கிறது. பின்னங்கால்களில் எழுந்து நின்று தலையையும் முகத்தையும் குறிவைப்பதால் காயங்கள் கொடுமையாக இருக்கும். விறகு, தேன், காட்டுப் பழங்கள் ஆகியவற்றுக்காகவும் மாடு மேய்ப்பதற்காகவும் இக்காடுகளுக்குள் போகிறவர்களே இதனிடம் அதிகம் அகப்படுகிறார்கள். பொழுதுபோக்குக்காக மலையேறுபவரைப் போல இன்று போகாமல் இருந்துவிடும் வசதி அவர்களுக்கு இல்லை. அவர்களுக்குக் கீழ்க்காணும் முன்னெச்சரிக்கைகள் இன்னும் அதிகமாகத் தேவை.

வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு நடப்பது

கரடியிடமிருந்து தப்பும் வேலையில் பெரும்பகுதி கரடியைக் காண்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நாம் வருவது முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலான கரடிகள் ஒதுங்கிப் போய்விடும். பல வேளைகளில் அவை ஒதுங்கியதே நமக்குத் தெரியாது. எனவே மனிதக் குரல் தொடர்ந்து கேட்க வேண்டும். பேசிக்கொண்டே நடக்கலாம், வளைவுகளிலும் அடர்ந்த புதர்களிலும் மேட்டின் உச்சியை நெருங்கும்போதும் உரக்கக் குரல் கொடுக்கலாம், கைகளைத் தட்டலாம். ஓடை இரையும் இடத்திலும் எதிர்க்காற்று வீசும்போதும் குரலை இன்னும் உயர்த்த வேண்டும். அப்போது நம் ஓசையும் வாசனையும் கரடியை எட்டுவதில்லை. பையில் கட்டித் தொங்கவிடும் சிறு மணியை நம்பிப் பலர் அமைதியாக நடக்கிறார்கள். அதன் மெல்லிய ஒலி தொலைவுக்குப் போகாது. மனிதக் குரலுக்கு அது ஈடாகாது என்பதே என் உறுதியான கருத்து. காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு நடப்பதைக் கரடிக் காட்டில் முற்றிலும் விட்டுவிட வேண்டும்.

கூட்டமாகச் செல்வது வெறும் சம்பிரதாயம் அன்று. மூவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களாகச் செல்லும்படி எல்லோஸ்டோன் பூங்கா பரிந்துரைக்கிறது. அங்கே நடைபாதைகளில் காயமடைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தனியாகவோ ஒரே ஒரு துணையுடனோ சென்றவர்கள். கூட்டம் என்றால் சேர்ந்து நடப்பது என்று பொருள். ஐந்து பேர் அரை மைல் இடைவெளிவிட்டு நடந்தால் அது ஐந்து தனியாட்களுக்குச் சமம். குழந்தைகள் முன்னே ஓடிவிடாமல் பெரியவர்களுக்கு நடுவில் வர வேண்டும். விடியலிலும் அந்தியிலும் இரவிலும் கரடிகளின் நடமாட்டம் கூடுதல் என்பதால் அந்நேரங்களில் நடப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஓட்டப் பயிற்சி செய்பவர்களும் மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களும் வேகமாகவும் ஓசையின்றியும் வந்து கரடியின் முன்னால் திடீரென்று தோன்றிவிடுகிறார்கள். பார்வை மறையும் வளைவுகளில் அவர்கள் வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுப்பது கட்டாயம்.

நடக்கும் வழியில் தடயங்களைப் படிக்கப் பழகுங்கள். புரட்டிப் போடப்பட்ட கற்கள், பிளந்து கிடக்கும் உளுத்த மரக்கட்டை, தோண்டப்பட்ட புற்று, மரப்பட்டையில் நகக்கீறல், பழக்கொட்டைகள் நிறைந்த சாணம், அகன்ற காலடித் தடம் ஆகியவை கரடி அண்மையில் வந்துபோனதைச் சொல்லும். அவை புதியனவாகத் தெரிந்தால் திரும்பிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாவற்றையும்விட அபாயமானது இறந்த விலங்கின் உடல். காகங்களோ கழுகுகளோ ஓரிடத்தில் வட்டமிட்டாலும், அழுகல் வாடை வீசினாலும், மண்ணும் சருகும் போட்டு எதையோ மூடிவைத்ததுபோல் தெரிந்தாலும், வந்த வழியே உடனே விலகுங்கள். பழுப்புக் கரடி தன் இரையை மூடி வைத்துவிட்டு அருகிலேயே படுத்திருக்கும். அதைக் காக்கச் சற்றும் தயங்காமல் பாயும்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். குளிர்நாடுகளில் கரடிகள் ஐந்து முதல் ஏழு மாதங்கள்வரை உண்ணாமல் குகையில் கிடக்கும். அதற்கான கொழுப்பைச் சேர்க்கக் கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் நாளின் பெரும்பகுதியைத் தின்பதிலேயே கழிக்கும். அக்காலத்தில் ஒரு நாளைக்கு 20,000 கலோரிவரை உட்கொள்ளும். தலையைக் குனிந்து பழப்புதரில் மூழ்கியிருக்கும் கரடி நம்மைக் கவனிக்கத் தவறுவது இப்பருவத்தில்தான் அதிகம். காட்டில் விளைச்சல் பொய்த்துவிட்டால் அவை ஊருக்குள் வரும். ஜப்பானில் 2023-ஆம் நிதியாண்டில் 200-க்கும் மேற்பட்டோர் கரடிகளால் தாக்கப்பட்டார்கள். காட்டு மரங்களின் கொட்டைகள் போதிய அளவு காய்க்காமல் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

நாயைப் பற்றி ஒரு சொல். அவிழ்த்துவிடப்பட்ட நாய் கரடியைக் கண்டு குரைக்கும், துரத்தும், பின்பு பயந்து தன் எசமானனிடமே ஓடிவரும். சினங்கொண்ட கரடி அதன் பின்னாலேயே வரும். குறுகிய கயிற்றில் பிடித்துக்கொள்ள முடியாவிட்டால் நாயை வீட்டில் விட்டுச் செல்வதே அதற்கும் நமக்கும் நல்லது.

உணவும் மோப்பமும்

1967 ஆகஸ்ட் மாதத்தில் ஒரே இரவில், அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தொலைவிலிருந்த இரு இடங்களில், வெவ்வேறு கிரிஸ்லிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. அந்தப் பூங்காவில் அதற்கு முன் கிரிஸ்லியால் ஒருவரும் கொல்லப்பட்டதில்லை. இரண்டு இடங்களிலும் கரடிகள் மனிதர் போட்ட குப்பைக்கும் எச்சிலுக்கும் பழகிப்போயிருந்தன; ஓரிடத்தில் விருந்தினர் வேடிக்கை பார்ப்பதற்காகவே எச்சில் கொட்டப்பட்டுவந்தது. அந்த இரவுக்குப் பிறகுதான் வட அமெரிக்கப் பூங்காக்கள் குப்பை மேடுகளை மூடவும், கரடிக்கு உணவு எட்டாமல் காக்கவும் தீவிரமாக முனைந்தன. மனித உணவின் சுவையை ஒருமுறை கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும். மனிதரைக் கண்டு ஒதுங்கும் இயல்பை இழக்கும். கடைசியில் பெரும்பாலும் அதிகாரிகளின் துப்பாக்கிக்கு இரையாகும். நாம் அலட்சியமாக விட்டுச்சென்ற ஒரு பொட்டலம், நமக்குப் பின்னால் வரும் ஒருவருடைய உயிருக்கும் அந்தக் கரடியின் உயிருக்கும் சேர்ந்தே கேடாக முடியலாம் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கரடியின் மோப்ப சக்திக்கு எது உணவு, எது உணவன்று என்னும் பாகுபாடு இல்லை. பற்பசை, சோப்பு, வெயில் தடுப்புக் களிம்பு, உதட்டுத் தைலம், வாசனை மருந்துகள், மிட்டாய் சுற்றிய வெற்றுத்தாள் எல்லாமே அதற்கு உணவின் அழைப்புதான். ஆகவே மணமுள்ள எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. சமைக்கும் இடம், உணவைப் பத்திரப்படுத்தும் இடம், உறங்கும் இடம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 100 மீட்டர் இடைவெளியில் அமைவது நல்ல ஏற்பாடு. காற்று கூடாரத்திலிருந்து சமையலிடத்தை நோக்கி வீசுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சமைக்கும்போது அணிந்திருந்த உடையோடு உறங்கப் போகாதீர்கள். அதையும் உணவோடு சேர்த்து வையுங்கள். பிடித்த மீனின் குடலைக் கூடாரத்துக்கு அருகில் எறியாதீர்கள்.

உணவைப் பத்திரப்படுத்தச் சிறந்தது, கரடியால் உடைக்க முடியாதபடி கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ செய்யப்படும் உருளை டப்பா. அது வாசனையை அடைப்பதில்லை. கரடி உருட்டும், கடிக்கும், திறக்க முடியாமல் விட்டுப்போகும். உருண்டு போய்விடும் என்பதால் பள்ளத்தின் விளிம்பிலோ நீரோரத்திலோ அதை வைக்கக் கூடாது. டப்பா இல்லாத இடத்தில், தரையிலிருந்து குறைந்தது 3 முதல் 4 மீட்டர் உயரத்திலும், அடிமரத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் விலகியும் தொங்குமாறு கயிற்றில் கட்டலாம். கெட்டிக்காரக் கரடிகள் கயிற்றைக் கடித்து மூட்டையை விழவைக்கவும் கற்றுக்கொண்டுவிடுகின்றன என்பதால் இதை இரண்டாந்தர ஏற்பாடாகவே கருத வேண்டும். கார் பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் 1998-இல் மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாயின. கார்க் கதவுகளை வளைத்துப் பிரித்து உணவை எடுத்தவை அவற்றுள் ஏராளம். உணவுப் பெட்டிகளும் உருளை டப்பாக்களும் கட்டாயமாக்கப்பட்ட பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது.

பெண்களிடையே பரவலாக இருக்கும் ஓர் அச்சத்துக்கும் இங்கே விடை சொல்ல வேண்டும். 1967 நிகழ்வுக்குப் பிறகு, மாதவிலக்கு வாசனை கரடியை ஈர்க்கும் என்று ஒரு பேச்சு பரவியது. கிரிஸ்லிகளும் கருங்கரடிகளும் அதனால் குறிப்பாக ஈர்க்கப்படுவதாகச் சான்று கிடைக்கவில்லை. பயன்படுத்திய பஞ்சையும் துணியையும் மற்ற மணமுள்ள குப்பையோடு சேர்த்துக் கட்டிப் பத்திரப்படுத்தினால் போதும்; அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை.

காட்டோரத்தில் குடியிருப்பவர்களுக்கும் இதே நியதிதான். குப்பைத் தொட்டி, பறவைகளுக்கு வைக்கும் தானியம், நாய்க்கு வெளியே வைத்த சோறு, பறிக்காமல் பழுத்து உதிரும் பழங்கள், தேன்கூட்டுப் பெட்டிகள் ஆகியவைதாம் கரடியை வாசலுக்கு அழைத்து வருகின்றன. முதல் நான்கையும் அகற்றலாம். தேன்பெட்டிகளைச் சுற்றி மின்வேலி போடலாம்.

கரடி ஸ்பிரே

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைக் கொண்டு செய்யப்படும் கரடி ஸ்பிரே, விற்பனைக்குக் கிடைக்கும் நாடுகளில் கட்டாயம் வாங்க வேண்டிய பொருள். மனிதரிடமிருந்து காத்துக்கொள்ள விற்கப்படும் சிறிய பெப்பர் ஸ்பிரே இதற்கு மாற்றாகாது. கரடிக்கானது பெரிய மேகமாகப் பரவி, 7 மீட்டருக்கும் அதிகமான தொலைவுக்குப் பாய வேண்டும். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரையிலான சம்பவங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பழுப்புக் கரடிகளிடம் இது பயன்படுத்தப்பட்ட வேளைகளில் நூற்றுக்கு 92-இல் கரடி தன் செயலை நிறுத்தியதாகக் கண்டது. துப்பாக்கி பற்றி அதே ஆய்வாளர்கள் சிலர் 2012-இல் வெளியிட்ட ஆய்வோ, துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. பாய்ந்துவரும் விலங்கின் மீது குறிதவறாமல் சுடுவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பார்த்தால் இது வியப்பளிக்காது.

ஸ்பிரே கைக்கெட்டும் தூரத்தில், இடுப்பிலோ மார்பிலோ இருக்க வேண்டும். பைக்குள் இருக்கும் ஸ்பிரே இல்லாத ஸ்பிரேதான். பாதுகாப்புக் கொக்கியைக் கழற்றும் பழக்கம் விரல்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். அதற்கென மருந்தில்லாத பயிற்சி டப்பாக்கள் கிடைக்கின்றன. கரடி பாய்ந்து வந்தால், 10 முதல் 15 மீட்டர் தொலைவில் இருக்கும்போதே, அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்து, கரடி அந்த மேகத்துக்குள் நுழைந்து வருமாறு அடிக்க வேண்டும். ஓரிரு நொடி அடித்து, வேண்டுமானால் மீண்டும் அடிக்கலாம். எதிர்க்காற்றில் நம் கண்களிலும் கொஞ்சம் படும் என்றாலும் தயங்கக் கூடாது. டப்பாவின் மேல் காலாவதித் தேதி இருக்கும்; வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் வெடிக்கக்கூடும்; விமானத்தில் கொண்டுபோக முடியாது. கொசு மருந்தைப் போல இதை உடலிலோ கூடாரத்திலோ முன்கூட்டியே தெளித்துவைப்பவர்கள் உண்டு. அது காப்பதற்குப் பதில், உலர்ந்த பின் எஞ்சும் வாடையால் கரடிகளை ஈர்த்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

கண்ணில் பட்ட பின்

தொலைவில் கரடி தெரிகிறது, அது நம்மைக் கவனிக்கவில்லை என்றால், ஓசையின்றி வந்த வழியே திரும்பிவிடுங்கள். அல்லது மிகவும் சுற்றிக்கொண்டு போங்கள். வட அமெரிக்கப் பூங்காக்கள் கரடியிடமிருந்து குறைந்தது 100 மீட்டர் அளவில் விலகியிருக்கச் சொல்கின்றன. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் 2025 முதல் பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டரும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டரும் விலகியிருப்பது சட்டமாகியிருக்கிறது. படம் எடுப்பதற்காக இந்த இடைவெளியைக் குறைப்பவர் தம் உயிரோடு கரடியின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

அது நம்மைக் கண்டுவிட்டால், ஓடக் கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடக்கூடிய விலங்கு அது. மேட்டிலும் பள்ளத்திலும் ஒன்றுபோல் ஓடும். ஓடுவதைப் பார்த்தால் துரத்தும் உந்துதல் அதற்குத் தானாகவே எழும். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள், கூட்டமாக நெருங்கி நில்லுங்கள், ஸ்பிரேயைக் கையில் எடுங்கள். தாழ்ந்த, நிதானமான குரலில் பேசுங்கள். என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை, எதிரில் இருப்பது மனிதன் என்று கரடிக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதன் கண்களை முறைத்துப் பார்க்காமல், ஆனால் பார்வையை அதன் மேலிருந்து எடுக்காமல், பக்கவாட்டிலோ பின்னோக்கியோ மெதுவாக நகருங்கள். அது உங்களைப் பின்தொடர்ந்தால் நின்றுவிடுங்கள். அது தப்பிப் போகும் வழியை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பையை எறியாதீர்கள், முதுகில் அது கவசமாக இருக்கும், தரையில் அது உணவாகும்.

பின்னங்காலில் எழுந்து நிற்கும் கரடி பெரும்பாலும் என்னவென்று பார்க்கவும் முகரவும்தான் நிற்கிறது. மூச்சை உரக்க ஊதுவது, பற்களைக் கடகடவென்று அடிப்பது, எச்சில் ஒழுகுவது, தரையை அறைவது, காதுகளை மடக்குவது ஆகியவை அச்சத்தின் அடையாளங்கள். நீ நெருங்கிவிட்டாய், விலகு என்பதே அவற்றின் பொருள். அந்த எச்சரிக்கையை மதித்து விலகினால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். சில வேளைகளில் கரடி பாய்ந்து வந்து, சில மீட்டர் தொலைவில் நின்றோ திரும்பியோ போகும். இது மிரட்டல் பாய்ச்சல். எது மிரட்டல், எது மெய் என்பது கடைசிக் கணம்வரை தெரியாது. ஆகவே எல்லாப் பாய்ச்சலிலும் நிலைகுலையாமல் நின்று ஸ்பிரேயைப் பயன்படுத்துவதே விடை.

இதற்கு நேர்மாறானது ஓசையே இல்லாத கரடி. தலையை நிமிர்த்தி, காதுகளை முன்னோக்கி வைத்து, நம்மையே பார்த்தபடி, விலகினாலும் விடாமல் பின்தொடர்ந்து, சுற்றிவந்து நெருங்கும் கரடிக்கு நம்மிடம் அச்சம் இல்லை. அது நம்மை உணவாக எடைபோடுகிறது. கோபமாக உறுமும் கரடியைவிட இந்த அமைதியான கரடிக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். இதனிடம் பணிவு காட்டக் கூடாது. கைகளை உயர்த்திப் பெரிதாகத் தோன்றி, உரக்கக் கத்தி, கல்லையும் கட்டையையும் எறிந்து விரட்ட வேண்டும்.

உடலைத் தொட்டுவிட்டால்

திடுக்கிட்டோ, குட்டியையோ இரையையோ காக்கவோ பழுப்புக் கரடி பாய்ந்து உங்களைத் தொட்டுவிட்டால், அப்போதுதான் செத்தவர்போல் படுக்க வேண்டும். தொடுவதற்கு முன் படுக்கக் கூடாது. பை முதுகிலேயே இருக்க, குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முழங்கைகளால் முகத்தின் பக்கங்களை மறைத்து, புரட்டிவிட முடியாதபடி கால்களை அகற்றி ஊன்றிக்கொள்ளுங்கள். புரட்டினால் அதே வேகத்தில் உருண்டு மீண்டும் குப்புறவே படுங்கள். கத்தாதீர்கள். அபாயம் நீங்கியது என்று கரடிக்குத் தோன்றினால் தாக்குதல் நின்றுவிடும். அது போய்விட்டதாகத் தோன்றினாலும் பல நிமிடங்கள் அசையாதீர்கள். அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கரடி அசைவைக் கண்டு திரும்பி வரும். தாக்குதல் நிற்காமல் நீண்டுகொண்டே போனாலோ, உங்களைத் தின்னத் தொடங்கினாலோ, அது தற்காப்புத் தாக்குதல் அன்று. அந்த நொடியே எதிர்த்துப் போராட வேண்டும்.

அமெரிக்கக் கருங்கரடியிடம் செத்ததுபோல் படுப்பது தவறு. கல், கட்டை, கத்தி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்து, முகத்திலும் மூக்கிலும் கண்ணிலும் அடித்துப் போராட வேண்டும். இதன் காரணத்தைக் கனடாவின் உயிரியலாளர் ஸ்டீபன் ஹெரெரோ தம் குழுவினருடன் 2011-இல் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. 1900 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் காட்டுக் கருங்கரடிகளால் 63 பேர் கொல்லப்பட்டார்கள். அச்சம்பவங்களில் 88 விழுக்காடு இரைதேடும் நோக்கில் நிகழ்ந்தவை. அவற்றில் 92 விழுக்காட்டில் கொன்றது ஆண் கரடி. குட்டியைக் காக்கும் தாயே கொல்லும் என்னும் பொதுநம்பிக்கை கருங்கரடிக்குப் பொருந்தவில்லை. கருங்கரடித் தாய் பெரும்பாலும் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டு, ஓசையெழுப்பி மிரட்டுவதோடு நின்றுவிடும்.

பனிக்கரடி எவ்வினத்தைவிடவும் மனிதனை இரையாகக் கருதக்கூடியது. அதனிடம் படுக்கக் கூடாது, இறுதிவரை எதிர்க்க வேண்டும். கனடாவின் சர்ச்சில் நகரில், தெருவில் பனிக்கரடி வந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே ஏறிக்கொள்ளட்டும் என்று கார்க் கதவுகளைப் பூட்டாமல் விட்டுவைக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே நான்கு சுவர்களைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை என்பதை ஊரே அறிந்திருக்கிறது.

தேன்கரடியிடமும் ஆசியக் கருங்கரடியிடமும் தாக்குதல் பெரும்பாலும் திடுக்கிடலில் தொடங்கி விரைவில் முடிந்துவிடும். கையில் நீண்ட கோல் இருந்தால் நடுவே நீட்டிக்கொண்டு, கூட்டமாகக் கத்தி விரட்ட முயலலாம். கீழே தள்ளப்பட்டுவிட்டால் குப்புறச் சுருண்டு, முகத்தையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்வதே முதல் வேலை. பார்வையிழப்பும் தாடை முறிவும் இக்கரடிகளின் தாக்குதலில் அதிகம். உடன் வந்தவர்கள் சிதறி ஓடாமல் ஒன்றாக நின்று குரல் எழுப்ப வேண்டும்.

எந்த இனமானாலும், இரவில் கூடாரத்துக்குள் நுழைந்து உறங்குபவரைப் பிடித்த கரடியிடம் படுத்துக்கிடக்கவே கூடாது. அது உணவைத் தேடித்தான் வந்திருக்கிறது. ஸ்பிரேயும் டார்ச்சும் கைக்கருகில் இருக்கட்டும். கத்துங்கள், அடியுங்கள், ஒருவரைப் பிடித்திருந்தால் மற்றவர்கள் சேர்ந்து தாக்குங்கள்.

கரடி விலகிய பின்

இடத்தைவிட்டு உடனே அகலுங்கள். விழுந்த பொருளை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். காயத்திலிருந்து இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கரடியின் பல்லும் நகமும் பட்ட காயம் சிறியதாகத் தெரிந்தாலும் ஆழமாகச் சீழ்பிடிக்கும். மருத்துவரிடம் காட்டி, தசைவிறைப்பு நோய்க்கும் (டெட்டனஸ்) வெறிநோய்க்கும் (ரேபிஸ்) தடுப்பூசி தேவையா என்று கேட்க வேண்டும். ஸ்பிரே கண்ணில் பட்டிருந்தால் தேய்க்காமல், நிறையத் தண்ணீர்விட்டு நீண்ட நேரம் கழுவுங்கள்.

காயமே படவில்லை என்றாலும் வனத்துறையினரிடம் அன்றே தெரிவியுங்கள்: எந்த இடம், எந்த நேரம், எத்தனை கரடிகள், குட்டி உண்டா, அருகில் இறந்த விலங்கோ உணவோ இருந்ததா, கரடி ஓசை எழுப்பியதா அல்லது அமைதியாகப் பின்தொடர்ந்ததா. குட்டியைக் காத்த தாய்க்கும் மனிதரை இரையாகத் தேடத் தொடங்கிய கரடிக்கும் அவர்கள் எடுக்கும் நடவடிக்கை வேறு வேறு. பாதையைச் சில நாள் மூடினால் போதுமா, அந்தக் கரடியையே பிடித்து அகற்ற வேண்டுமா என்பது நீங்கள் தரும் இந்த விவரங்களைக் கொண்டுதான் தீர்மானிக்கப்படும்.